மூன்று தரம் காட்டிய முதுகு

ஈரக் கருங்கல்லில் கன்னத்தை வைத்துக் குப்புறக் கிடக்கிறேன், மூச்சு விடாதே, நீ செத்தவன், என்று தலைக்கு மேலே டைரக்டர் கத்துகிறான், லண்டன் துறைமுகத்தில் அன்று பார்த்துப் பனிமூட்டம் இல்லை, தகரத்தில் எண்ணெய்த் துணியை எரித்துப் புகை விடுகிறார்கள், தொண்டையைக் கரிக்கிறது, நான் இருமவில்லை, ஐம்பத்துமூன்றாம் ஆண்டு, ஒரு மணிநேரத்தில் முடிந்துவிடும் மலிவான கொலைப் படம், அதில் கொலையுண்ட கப்பல்காரன் நான், இல்லை, அருளம்பலம், அவனைத்தான் பேசி வைத்திருந்தார்கள், அவனுக்கோ அன்று காய்ச்சல், மச்சான், முகம் தெரியாதாம், முதுகுதானே, என்ர கோட்டைப் போட்டுக்கொண்டு நீ போயிட்டு வா, என்று என் அறைச் சிநேகிதன் போர்வைக்குள்ளிருந்து சொன்னான், போனேன், எங்களில் யார் யாரென்று வெள்ளைக்காரருக்குத் தெரியவில்லை, கறுத்த பிடரியோடு ஒரு முதுகு வேண்டும், கிடைத்தது.

படம் யாழ்ப்பாணத்துக்கும் போனது, நான் நடிச்ச படம் என்று அருளம்பலம் முன்பே ஊருக்கு எழுதிவிட்டான், ஒரு முதுகுக்காகவா சண்டை என்று பெருந்தன்மையாக இருந்தேன், மடையன், பூபதியும் பார்ப்பாள் என்று யோசிக்கவில்லை, எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுப் பூபதி, யாரிடமும் சொல்லாமல் நான் மனதுக்குள் வைத்திருந்தவள், புதிதாக எடுக்க வசதியில்லாமல் அதே படத்துண்டை மூன்று தரம் காட்டினார்கள், பிணத்தைக் கண்டபோது, பொலிஸ்காரன் யோசிக்கும்போது, கொலைகாரனின் கனவில், மூன்று தரமும் அவள் என் முதுகைத்தான் பார்த்தாள், அருளம்பலத்துக்குப் பெண் கேட்டபோது சம்மதம் என்றாளாம், ஈரக் கல்லில இவ்வளவு நேரம் அசையாமக் கிடக்கிற மனுசன் பொறுமைசாலியாத்தான் இருப்பார், என்று தாயிடம் சொன்னாளாம், அதை அவனே சிரித்துச் சிரித்து என்னிடம் சொன்னான், கல்யாணத்தில் நான்தான் மாப்பிள்ளைத் தோழன்.

நாற்பது வருடம் அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே பொறாமைப்பட்டேன், அவன் கோப்பையில் அவள் ஊற்றும் தேநீரைப் பார்த்துக்கூட, இப்போது அவன் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மூன்றாம் நாள் மத்தியானம், அண்ணை, இவற்ர படத்தை ஒருக்காப் போட்டு விடுங்கோ, என்கிறாள், அண்ணை என்கிறாள், கசெட்டைப் போடுகிறேன், புகை, கருங்கல், நான், நாற்காலியை இழுத்து டிவிக்குக் கிட்ட வைத்துக்கொண்டு திரைக் கண்ணாடியில், என் முதுகில், கை வைக்கிறாள், செத்தவன் மேலிருந்த பொறாமை போய் அந்த முதுகின் மேல் வருகிறது, என் முதுகின் மேலேயே எனக்கு, இதைவிடக் கேவலம் உண்டா, இன்று சொல்லிவிடலாம், தடுக்க ஆளில்லை, பூபதி, அது நான், அவ்வளவுதான், வாயைத் திறக்கிறேன், அதற்குள் அவள், வீட்டில ஒருநாளும் மனுசன் இப்பிடிச் சும்மா இருந்ததில்லை, எதுக்கெடுத்தாலும் கத்தல், இதை நினைச்சுத்தான் அண்ணை எல்லாத்தையும் பொறுத்தனான், உள்ளுக்க இந்த மனுசன் இருக்கிறார் எண்டு, என்கிறாள், நான் சொன்னால் அந்த நாற்பது வருடத்தில் அவளுக்கு என்ன மிஞ்சும், இவர்தானே, என்று திரும்பிப் பார்க்கிறாள், ஓம் பூபதி, அவன்தான், என்கிறேன், மூன்றாம் தரம் வருகிறது, நிப்பாட்டுங்கோ, என்கிறாள், நிறுத்துகிறேன், அவள் கை முதுகிலேயே இருக்கிறது, புகை தொண்டையைக் கரிக்கிறது, நான் இருமவில்லை, மூச்சும் விடவில்லை.