காற்று பிந்தி வரும் ஜன்னல்

கொத்தனார் தன் ஆயுசில் வைத்த ஜன்னல்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு தெருவுக்கே வெளிச்சம் போதும். அவர் குடியிருந்த வாடகை அறைக்கு மட்டும் ஜன்னல் கிடையாது. மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர், நாலாவது பக்கம் கதவு, கதவைத் திறந்தால் இருட்டு நடை. விடிந்ததும் போய் பொழுது அடைந்தபின் வந்து விழுகிறவர்களுக்கு அது குறையாகவே படவில்லை. அவர் மனைவி சாரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

அவள் சித்தாள். தலையில் செங்கல்லோடு பலகையேறித் திரிந்தவள், இடுப்புக்குக் கீழே மாவுக்கட்டோடு மல்லாந்து கிடந்தாள்.

"செத்தவளைத் தூக்கிட்டுப் போனாக்கூட மேல வானம் தெரியும்," என்றாள் ஒருநாள். "சனிக்கிழமை பெரியக்கா வண்டி எடுத்துட்டு வருது. அவ வீட்டுல பெரிய ஜன்னல் இருக்கு. நான் போறேன்யா."

"எப்ப வருவே?"

அவள் சுவரைப் பார்த்தாள். "பாப்போம்."

பெரியக்கா கொத்தனாரை என்றைக்கும் மனுஷனாக மதித்ததில்லை. தங்கை அங்கே போய்விட்டால் திரும்பி வரவிடமாட்டாள்.

மச்சினன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். சீட்டுக்கட்டு அகலத்தில் ஒரு பச்சை அட்டையைக் கொண்டுவந்தான். "இதுவும் கம்ப்யூட்டர்தான் மாமா. மாடியில கேமராவை வெச்சு வயரை இதுல சொருகுங்க, பழைய டிவியில படம் வரும். இதுக்குக் கரண்டு உங்க போன் சார்ஜரே குடுக்கும்."

கொத்தனார் கேமராவை மாடிச் சுவரில் வைத்து, பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கூரையாகக் கவிழ்த்தார். பழைய குழாய்த் துளை வழியாக வயரை இறக்கினார். கட்டிலில் கிடப்பவளின் கண்மட்டத்துக்கு ரசமட்டம் பிடித்து டிவியை மாட்டி, சுற்றி மரச்சட்டம் அடித்து, ஓரத்தில் தரைவரை திரைச்சீலையும் தொங்கவிட்டார். ஜன்னல் என்றால் ஜன்னல்.

சொருகினார். சுவரில் வானம் திறந்தது.

எதிரே கட்டிக்கொண்டிருந்த கட்டடமும் அதில் நீலத் தார்ப்பாயும் தெரிந்தன. பலகையில் அவளோடு வேலை செய்தவர்கள் எறும்பு மாதிரி ஏறினார்கள். ஒரு மேகம் கடந்தபோது அதன் நிழல் அறைக்குள்ளும் வந்து மாவுக்கட்டின் மேல் ஊர்ந்து போனது. அவள் தூங்கினாள், விழித்தாள், எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் மறுபடியும் தூங்கினாள்.

சாயங்காலம் கேட்டாள்: "காத்து எங்கய்யா?"

"மேல ஃபேன் ஓடுதே."

"அது தலையில கொட்டுற காத்து. ஜன்னல் காத்து மூஞ்சியைத் தடவும்."

நியாயம்தான். மறுநாளே யூ.எஸ்.பி.யில் ஓடும் குட்டி ஃபேன் ஒன்றும், தெருச்சத்தம் கேட்க ஸ்பீக்கர் ஒன்றும் வாங்கிவந்து, அந்தப் பச்சை அட்டையிலேயே சொருகினார். இறக்கை இரண்டு சுற்று சுற்றியது. வானம் அணைந்தது. தானாகவே உயிர்வந்து படம் திறந்தது, ஃபேன் சுற்றியது, மறுபடியும் இருட்டு. விக்கல் எடுத்த மாதிரி வானம் வந்து வந்து போனது.

"ஓட்டை பத்தலை போல," என்று ஒன்றிலிருந்து ஏழாகப் பிரியும் பெட்டியை வாங்கி நடுவில் வைத்தார். விக்கல் நிற்கவில்லை.

மச்சினன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, தொட்டியில தண்ணி ஏறாம குழாயை மட்டும் கூட்டுனா குளிக்க முடியுமா? சார்ஜர் குடுக்கிறதைத்தான் அட்டை பங்கு போடும். அட்டைக்கும் கேமராவுக்குமே அது சரியாப் போச்சு, நீங்க குடும்பத்தையே அது தலையில கட்டுறீங்க!"

"ஏன்யா, நான் சுமந்தது பத்தாதுன்னு அதுக்குமா?" என்றாள் கட்டிலில் கிடந்தவள்.

"தனியா கரண்டு எடுக்கிற பெட்டி இருக்கு மாமா. திங்கக்கிழமை கொண்டாரேன்."

"சனிக்கிழமை முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுது மாப்ளே."

சனிக்கிழமை காலை அட்டையில் சொருகியிருந்ததில் கேமராவையும் டிவியையும் தவிர எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தார் கொத்தனார். டிவி வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்துக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் குந்தினார். படத்தில் தார்ப்பாய் ஆடும்போதெல்லாம் விசிறினார்.

"என்னய்யா, துணி ஆடி முடிச்சப்புறம் காத்து வருது?"

"அவ்ளோ தூரம் நடந்து வர வேணாமா?"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விழுந்ததிலிருந்து அவள் சிரித்தது அன்றுதான்.

பெரியக்கா மூச்சிரைக்க ஏறிவந்தாள். "எங்கடி உன் ஆளு? வண்டி நிக்குது, கெளம்பு."

"இரு அக்கா. மழை வருது பாரு."

படத்தில் வானம் கறுத்திருந்தது. எதிர்ச்சாரத்தில் ஆட்கள் சிமென்ட் மூட்டையை மூட ஓடினார்கள். பிறகு துளி விழுந்தது, படத்திலும் தலைக்கு மேலே தளத்திலும் ஒரே சமயத்தில். பெரியக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மழைவெளிச்சம் இரண்டு முகத்திலும் நெளிந்தது.

திரைச்சீலைக்குப் பின்னால் கொத்தனார் பக்கத்துக் குடத்தில் விரலை நனைத்தார். விசிறலோடு சேர்த்து இரண்டு துளி தெளித்தார்.

பெரியக்கா கன்னத்தைத் துடைத்தாள். படத்திலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னாள்: "சாரல் அடிக்குதுடி. ஜன்னலைச் சாத்தச் சொல்லு."

தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

"சாத்த வேணாம்க்கா. நான் இங்கயே கெடக்கேன். நீ வந்து பாத்துட்டுப் போ."

கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். திரைச்சீலைக்குப் பின்னால் கொத்தனார் வலித்த கையை மாற்றிக்கொண்டார். படத்தில் தார்ப்பாய் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.