குருவியின் படத்துக்கு ஒரு சுவர்

வக்கீலம்மா வாங்கியிருந்த அந்தப் பழைய வீட்டில் உயரமான கூரையும் பருத்த தூண்களும் காலடி பட்டுப் பட்டு வழவழத்துப்போன மரப்படிகளும் இருந்தன. வருஷக்கணக்கில் ஆசை ஆசையாகச் சேர்த்த ஓவியங்களுக்காகவே அதை வாங்கினாராம்.

"வீட்டை அழகுபடுத்தப் படம் வேணாம்மா. படங்க குடியிருக்க ஒரு வீடு வேணும். அப்படிச் செஞ்சு குடு" என்றார்.

வீட்டின் உள்ளலங்காரத்தைச் செய்ய வந்திருந்த டிசைனருக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. உற்சாகமாகத்தான் வேலையைத் தொடங்கினாள். பெரிய பொதி ஒன்றைத் தச்சர் பிரிக்கும்வரை.

மொட்டைமாடிக் கொடியில் துணிகள் காற்றில் பறக்கின்றன. நடுவே முதுகைக் காட்டி நிற்கிறாள் ஒருத்தி. ஓரத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சின்னக் குருவி.

ஓவியக் கல்லூரியில் இவளிடம் தூரிகையை இரவல் வாங்கியே காலம் தள்ளியவளின் அடையாளம் அது; அங்கே அவளுக்குப் பட்டப்பெயரே குருவிதான். வகுப்பில் எப்போதும் முதலாவது இவள்தான். குருவி இரண்டாவதுகூட இல்லை.

"இந்த ஹாலே இதுக்குத்தான். வரைஞ்சவங்களை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"கேள்விப்பட்டிருக்கேன் மேடம்."

கொஞ்ச நேரம் அளவெடுப்பதுபோல் பாவனை செய்துவிட்டுச் சொன்னாள்: "இங்க வெயில் நேரா விழும். வண்ணம் வெளுத்துடும். உள்நடையில மாட்டிடலாம்."

வெயில் அந்தச் சுவரை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கோர்ட்டில் எதிராளியின் மூச்சையும் சந்தேகிக்கிற வக்கீலம்மா, இவள் சொன்னதும் சரியென்று தலையாட்டிவிட்டார்.

குருவியின் படம் இருட்டு நடைக்குப் போனது. ஹாலுக்கு ஓர் ஆற்றங்கரைப் படம் வந்தது. சோபா, விளக்கு, விரிப்பு எல்லாம் அதைச் சுற்றி அமைந்தன. பார்த்தவர்கள் அருமை என்றார்கள்.

ஓர் அறையை முடித்ததும் ஒவ்வொரு இருக்கையிலும் உட்கார்ந்து பார்ப்பது அவள் பழக்கம். அன்றும் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன, அறைக்குத்தான் உயிரில்லை. எல்லாச் சாமானும் போட்டு உப்பை மறந்த சமையல்போல இருந்தது.

"நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார் வக்கீலம்மா.

ஆமாம் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கண் கேட்கவில்லை.

"நல்லா இல்ல மேடம். அந்த மாடிப் படம்தான் இங்க வரணும். வெயிலுக்குத் திரை போட்டுக்கலாம்."

வெள்ளைச் சுவர் அந்தப் படத்துக்கு ஒத்துவரவில்லை. மதியம் முழுக்கத் தானே உட்கார்ந்து, சாம்பலில் பச்சையும் துளி பழுப்பும் சேர்த்து, மழைக்கு முந்தைய வானம்போல ஒரு நிறம் கலந்தாள். அடித்துக் காய்ந்ததும் படத்தை மாட்டினார்கள். சுத்தியலைக் கீழே வைக்காமல் நின்றார் தச்சர்.

"துணியெல்லாம் நெசமாவே பறக்குற மாதிரி இருக்கும்மா."

அவளுக்கும் அப்படித்தான் தெரிந்தது. போட்டிக்காரியைத் தன் தோளிலேயே தூக்கி நிறுத்திவிட்டோமே என்று கசந்தது.

வீட்டைக் காட்ட வக்கீலம்மா நண்பர்களை அழைத்த அன்று, எல்லோரும் அந்தப் படத்தின் முன்னால்தான் மொய்த்தார்கள். குருவியும் வந்தாள். முன்நெற்றியில் நரை. இவளைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"நீயாடி இதை மாட்டினே? இது இவ்ளோ நல்ல படம்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது."

அதில் சூதுவாது எதுவும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"நீ இப்போ வரையறதில்லையா?"

"நேரம் எங்கடி இருக்கு?"

நேரம் இருந்தது.

குருவி சுவரைத் தடவிப் பார்த்தாள். "இந்த நிறத்தை எப்படிக் கலந்தே? என் ஸ்டுடியோ முழுக்க இதையே அடிக்கணும்போல இருக்கு. சொல்லேன்."

பச்சை எத்தனை பங்கு, பழுப்பு எத்தனை சொட்டு என்று எல்லாம் இவள் நாக்கு நுனியில் இருந்தது.

"பெயின்ட்டர் ஏதோ கலந்தார். எனக்கு ஞாபகமில்ல."

"அடடா" என்று உண்மையாகவே வருந்தினாள் குருவி. பிறகு யாரோ கூப்பிட, படத்தின் பக்கம் போய்விட்டாள்.

டிசைனர் மீன்போலத் துடித்த மனசோடு வீட்டுக்குக் கிளம்பினாள். வழி முழுக்க அந்த ஒரு பொய்தான் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.