இதமா கீதாங்க?

…தண்ணீர் சில்லென்றுதான் இருக்கிறது, கைக்குத் தெரிகிறது, காலுக்கு ஏன் தெரியவில்லை, கணுக்கால்வரை நனைந்ததா என்று கண்ணால் பார்த்துத்தானே நம்ப வேண்டியிருக்கிறது, இப்படிக் கைகால் கழுவி ஒளு செய்து தொழுதால் தொழுகை கூடுமா, கூடும், அல்லாஹ்வுக்குத் தெரியாததா என்று வலியுல்லா தன்னையே தேற்றிக்கொண்டார். ரத்தத்தில் ஏதோ ஒரு புரதம் முறைகெட்டு ஊறுகிறதாம், அதுவே நரம்பின் மேலுறையை அரிக்கிறதாம், டாக்டரம்மா மின்கம்பி ஒன்றை வரைந்து காட்டினார்… மனைவி நஸ்ருன்னிசாவிடம் மட்டும் இவர் வைட்டமின் குறைவு என்று சொல்லிவைத்திருக்கிறார். வேறென்ன சொல்வது? மூன்று மாதமாக விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் அவர் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்க்கிறாள், இதமா கீதாங்க என்கிறாள், இவரும் கண்ணை மூடிக்கொண்டு இதமா கீது நிசா என்கிறார், அவள் கை பட்டதே தெரியாமல்… பொய்தான், ஆனால் முப்பது வருஷத்து மனைவியிடம், உன் கை எனக்கு எட்டவில்லை என்று எப்படிச் சொல்வது?

மதியத் தொழுகை முடிந்து தி. நகர் வெயிலில் கடைக்குத் திரும்பும்போது பின்னால் ஒரு சத்தம். "வலியுல்லா பாய்! ஒரு கால்ல உங்க செருப்பு, ஒரு கால்ல என் செருப்பு… இன்னா பாய், புது ஃபேஷனா?" பக்கத்துக் கடை ஷரஃபுதீன், இவருடைய இடது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஓடிவந்தான். அவன் செருப்பு இரண்டு அளவு சின்னது, இவர் குதிகால் வெளியே தொங்கி, தார்ச் சாலையில் தேய்ந்து கொப்பளித்திருந்தது. அதைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. அத்தனை கூட்டத்துக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் காலைத் தன் தொடைமேல் எடுத்து வைத்து, கைக்குட்டையால் மெல்லத் துடைத்தான். வலியுல்லாவுக்குக் கூச்சம், முகத்தைத் திருப்பிக்கொண்டு, போகிற வருகிற ஜனங்களைப் பார்த்தபடி, "போதும் நைனா, நல்லா உக்காந்துடுச்சி" என்றார். ஷரஃபுதீன் மெதுவாகச் சொன்னான், "இன்னும் போடவே இல்ல பாய், செருப்பு என் கைலதான் கீது."

இன்று காலையும்… இதமா கீதாங்க என்று நிசா கேட்டாளே, அந்தக் குரல் கால்மாட்டிலிருந்தா வந்தது? இல்லையே, அடுப்படியிலிருந்து அல்லவா வந்தது, டீ ஆற்றுகிற சத்தத்தோடு… இவர் இதமா கீது என்றாரே, உடனே ஆற்றுகிற சத்தம் சட்டென்று நின்றுபோனதே… இன்றைக்குத்தானா, இல்லை, எத்தனை நாளாகத் தெரிந்துகொண்டே கேட்கிறாள்?