மேன்-மேனுக்கு இறக்கை முளைத்த வருடம்

டார்ப்லி கல்லூரியில் இடம் கிடைத்து, வகுப்பு தொடங்குவதற்குள் இறந்துபோகிறவர்கள், இறந்த பிறகு வந்து சேர்ந்துகொள்வார்கள். அலபாமாவின் அந்தச் செம்மண் மேட்டில் இதை யாரும் பெரிய விஷயமாகப் பேசுவதில்லை. அடிமைத்தனம் ஒழிந்து சில வருடங்களே ஆகியிருந்த காலத்தில், கறுப்பர்களுக்கென்று கல்லூரி தொடங்கிய புதிதில், கையில் எழுத்துப் பழகும் புத்தகம் வைத்திருந்த குற்றத்துக்காக வழியில் சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவன் மறுநாள் காலை அதே புத்தகத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். கூடாது என்று எந்த விதியும் இல்லாததால் ஆசிரியர் அவன் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒருவரோ இருவரோ வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், பட்டம் வாங்கியதும் போய்விடுகிறார்கள். ஈரத் துண்டைக் கட்டிலில் போடாத ஒரே ஆட்கள் இவர்கள்தான் என்று விடுதிக் காப்பாளர்கள் பரம்பரையாக நற்சான்று கொடுத்து வருகிறார்கள். சாப்பாடு இறங்காது, ஆனாலும் புதன்கிழமை கோழி வறுவலுக்கு வரிசையில் முதலில் நிற்பார்கள், வாசனைக்காக. அவர்களிடம் ஒரே ஒரு கோளாறு உண்டு. உயிரோடு இருப்பவர்கள் அவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்களோ, கொஞ்சம் கொஞ்சமாக அப்படியே ஆகிவிடுவார்கள். பாதிரியார் ஒருவர் இறந்த மகனை ஞாயிறுதோறும் பிரசங்கத்தில் மெச்சித் தள்ளியதில், இரண்டாம் வருடத்துக்குள் அந்தப் பையனுக்குச் சிரிப்பே வராமல் போய்விட்டது; அதற்குப் பிறகு சீட்டாட்டத்தில் அவனை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் செத்தவர்களைப் பற்றி இல்லாததைச் சொல்லாதே என்று அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்ப்பார்கள். கெண்ட்ரியாவுக்கும் சொல்லப்பட்டிருந்தது.

அவளுடைய அண்ணனுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் அரிவாள் செல் நோய்; வந்தால் எலும்பையே முறிக்கிற வலி. டார்ப்லியில் இருவருக்கும் ஒன்றாக இடம் கிடைத்த கோடையில் அவனுக்கு வலி வந்து ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனான். போதை மாத்திரைக்காக வலி என்று நடிக்கிற பையன் என்று முகத்தைப் பார்த்ததுமே முடிவு கட்டி, நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தான். ஒருவழியாகக் கூப்பிட்டபோது அவன் எழுந்திருக்கவில்லை. கோழித் தொழிற்சாலையில் இருந்து ஏப்ரனோடு ஓடிவந்த அம்மா வெர்லீனுக்கு அந்த நாற்காலியைத்தான் காட்ட முடிந்தது. ஆகஸ்டில் அவன் கல்லூரிக்கு வந்து சேர்ந்தான், உயிரோடு இருந்தபோது நடந்தது போலவே இடுப்பு வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து. அவன் பெயர் டெவாண்டேவியஸ். கணவன் பெயரில் பாதியையும் தன் அப்பா பெயரில் பாதியையும் வெட்டி ஒட்டி, வெர்லீன் பிரசவ வார்டில் படுத்துக்கொண்டே செய்த பெயர் அது. “எங்கிட்ட குடுக்க வேற என்ன இருக்கு? பேராவது பெருசா இருக்கட்டும்” என்பாள். வீட்டில் அவன் மேன்-மேன். தங்கையை அவன் பீனட் என்றுதான் கூப்பிடுவான்.

கெண்ட்ரியா முதல் வருடமே நாவல் எழுதத் தொடங்கினாள். அறைத்தோழி டஷே அவளுக்குச் சடை பின்னிவிட உட்கார்ந்தால் பொழுதே சாய்ந்துவிடும். அந்த நேரமெல்லாம் மடியில் கணினியை வைத்து எழுதினாள். இறந்தவர்கள் படிக்கிற கல்லூரி, மாணவிகள் வரிசையாக நின்று காலை உதைத்து ஆடினால் வாய் திறக்கிற தரை, அணிவகுப்பு மேளம் கேட்டுத் தோளைக் குலுக்குகிற கல்லறைகள். அதில் பாதிக்கு மேல் கற்பனையே இல்லை. நியூயார்க் பதிப்பகத்தில் அதைப் படித்தவர்கள் இளையோருக்கான அற்புதமான மாயக்கதை என்று சொன்னபோது அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. மேன்-மேன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் படிப்பான்.

“நான் இவ்ளோ நல்லவனா? எங்கயாவது ஒரு எடத்துல உன் சிப்ஸத் திருடித் தின்னேன்னு எழுது பீனட்.”

“எழுதியிருக்கேன், மூணாவது அத்தியாயம். கண்ணு செத்துப்போச்சா உனக்கு?”

“ஆளே செத்தாச்சு. கண்ணு மட்டும் என்ன பண்ணும்?”

சடையைப் பிடித்திருந்த டஷே சிரித்ததில் வகிடு கோணலாகிப்போனது. மறுபடி முதலில் இருந்து பின்ன வேண்டியதாயிற்று.

நியூயார்க்கில் இருந்த பதிப்பாசிரியரின் பெயர் மெரிடித். தங்கமான பெண், அதுதான் தொல்லை. எதையும் மாற்று என்று அவள் சொன்னதே இல்லை, யோசித்துப் பார் என்று மட்டும்தான் சொல்வாள். பையனின் பெயரில் வாசகர்கள் தடுக்கி விழுவார்கள், டேன் என்று இருந்தால் என்ன, யோசித்துப் பார். ஆஸ்பத்திரி நாற்காலி சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பாரம், ஒரு சூனியக்காரனின் சாபத்தில் அவன் இறந்தால் கதையும் நகரும், யோசித்துப் பார். திருட்டுச் சிப்ஸ், நொண்டல், நக்கல் பேச்சு எல்லாம் அவனைச் சின்னதாக்குகின்றன; இறக்கை கொடுத்துப் பார்க்கலாமா. கெண்ட்ரியா ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் மாற்றினாள். அவளுக்கு இருந்த ஆசையும் பொய் ஆசை அல்ல. சின்ன வயதில் ஊர் நூலகத்தில் அவள் எடுத்த எந்த மாயக்கதையின் அட்டையிலும் தன்னைப் போல ஒரு பெண் இருந்ததில்லை. இந்த அட்டையில் சடை பின்னிய ஒரு கறுப்புப் பெண் நிற்கப்போகிறாள், அதை எங்கோ ஒரு சிறுமி கையில் எடுக்கப்போகிறாள். அதற்காக எதையும் விட்டுக்கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. விட்டுக்கொடுத்தது அவளுடையது இல்லை என்பதுதான் தோன்றவில்லை.

“மத்ததெல்லாம் எடுத்துக்கோ,” என்றான் மேன்-மேன். “பேர மட்டும் விட்டுரு. அம்மா அதுக்கு ரொம்ப மெனக்கெட்டாங்க.”

“புத்தகத்துலதான்டா மாத்துறேன். உன்னையா மாத்துறேன்?”

“சொல்றது சொல்றதுதான பீனட். பேப்பர்ல சொன்னா என்ன, வாயால சொன்னா என்ன?”

அவள் கணினியைத் திறந்தாள். அன்றே டேன் என்று மாற்றி அனுப்பிவிட்டாள்.

நான்காம் வருடம் புத்தகம் வெளிவந்தது. நன்றாக விற்றது, ஊர் ஊராகப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு டேனைப் பற்றிப் பேசினார்கள். முதலில் அவனுடைய நொண்டல் போயிற்று. வெர்லீன் அதைக் கேட்டு ஆலயத்தில் நன்றி சொல்லிப் பாடினாள்; பிறந்ததிலிருந்து அவன் நிமிர்ந்து நடந்து அவள் பார்த்ததில்லை. பிறகு தோள்பட்டையில் இறக்கை முளைத்தது, விடுதிக் கதவுகளை அகலப்படுத்த வேண்டியிருந்தது. மாணவர் சங்கங்களின் நடனப் போட்டியில் இறக்கையோடு ஆடினால் செல்லுமா செல்லாதா என்று ஒரு வாரம் சண்டை நடந்து, செல்லாது என்று முடிவானது. அவன் அதற்குக் கோபப்படவில்லை. அழகாகத் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டான், அப்போதுதான் கெண்ட்ரியா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். மேன்-மேன் என்றால் அந்த நடுவரின் வம்சத்தையே இழுத்துப் பேசியிருப்பான். அந்த நாற்காலியைப் பற்றிக் கேட்டால் புரியாமல் பார்த்தான். சூனியக்காரனைப் பற்றி மட்டும் விவரமாகச் சொன்னான், அவள் எழுதிய வார்த்தைகளிலேயே. ஒரு நாள் உணவுக்கூடத்தில் அவள் மேன்-மேன் என்று கூப்பிட்டபோது அவன் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பி, “சொல்லுங்க, கெண்ட்ரியா” என்றான்.

அதன் பிறகு, கேட்க ஆள் கிடைத்தால் அவள் விடாமல் அண்ணனைப் பற்றி உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தாள். சிப்ஸ் திருட்டு, பொய்க் காய்ச்சல், ஆலயத்தில் காணிக்கைத் தட்டு வரும்போது தூங்குவதுபோல நடித்தது, வலி வந்தால் தலையணையைக் கடித்துக்கொண்டு தங்கைக்குத் தெரியாமல் அழுதது. டஷே அதையெல்லாம் மனப்பாடம் செய்து சடை பின்ன வருகிற எல்லோருக்கும் சொன்னாள். ஒரு மதியம் அவன் புல்வெளியில் நடந்து வரும்போது சட்டென்று நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டான், ஒரு பக்கமாகச் சாய்ந்து நாலடி நடந்தான். சன்னலில் இருந்து பார்த்த கெண்ட்ரியா சந்தோஷத்தில் அழுதாள். சொந்த அண்ணனுக்கு வலி திரும்பியதற்குச் சந்தோஷப்பட்டவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். ஆனால் ஒரு கல்லூரியில் எத்தனை தலைக்குத்தான் சடை பின்ன முடியும்? அந்த வாரமே புத்தகத்தின் மலிவுப் பதிப்பு வந்தது, அவன் மறுபடியும் நிமிர்ந்துவிட்டான்.

பட்டமளிப்பு நாளில், எல்லாப் பெயர்களும் படித்து முடியும்வரை குடும்பத்தார் சத்தம் போட வேண்டாம் என்று டீன் கேட்டுக்கொண்டார். வருடாவருடம் கேட்டுக்கொள்வார், மதித்து நடந்தவர் கிடையாது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலையில் இருந்து ஊதல், மணி, அழுகை எல்லாம் கிளம்பின. வெர்லீன் ஆலயத்துக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி அணிந்து, வேலை பார்க்கிற இடத்தில் இருந்து ஒரு வண்டி நிறையப் பெண்களைக் கூட்டி வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அன்று வராத கத்தலை அவள் இந்த நாளுக்காகத்தான் தொண்டையில் வைத்திருந்தாள். டீன் அந்தப் பெயரைத் தடுக்கி விழாமல் முழுதாகப் படித்தார். வெர்லீன் நாற்காலி மேல் ஏறி நின்று, “டெவாண்டேவியஸ், என் ராசா” என்று கத்தியது கூரையில் பட்டுத் திரும்பியது. கூடவே பெண்கள் எல்லோரும் கத்தினார்கள். டேன் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தான். கூட்டத்தில் எல்லோரும் திரும்பியதால் அவனும் திரும்பி, அந்தத் தொப்பிக்கார அம்மாவைப் பார்த்தான். மேடைக்கு யாரும் போகவில்லை. இப்படிக் கத்துகிற தாய்க்கு என்ன சோகமோ என்று நினைத்தவன்போல, மரியாதையாக இரண்டு கையையும் தட்டினான். கெண்ட்ரியா பக்கத்து இருக்கையில் இருந்து, “எந்திரிடா, உன்னத்தான், எந்திரி” என்று அவன் அங்கியைப் பிடித்து இழுத்தாள். டீன் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்த பெயரைப் படித்தார். வெர்லீனை அந்தப் பெண்கள் கைத்தாங்கலாக இறக்கினார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியிலும் சரி, அதற்குப் பிறகும் சரி, வெர்லீன் மகளை ஒரு வார்த்தை ஏசியதில்லை, கெண்ட்ரியா அந்த ஏச்சுக்காகவே பல வருடம் ஏங்கினாள். இரண்டாம் புத்தகமும் மூன்றாம் புத்தகமும் வந்தன. அவள் எழுத மறுத்திருந்தால் வேறு ஒருவரை வைத்து எழுதியிருப்பார்கள், ஒப்பந்தம் அப்படி. பட்டம் வாங்காததால் டேன் கல்லூரியை விட்டுப் போக வழியில்லாமல் அங்கேயே இருக்கிறான். இலையுதிர் காலத்தில் பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வந்து பார்க்கும் கால்பந்துப் பந்தயத்தின்போது, இடைவேளையில் மேளக்காரர்கள் இறங்கியதும், மைதானத்துக்கு மேலே ஒரு சுற்றுப் பறப்பான். முதல் வருடம் கூட்டம் எழுந்து நின்றது, இப்போது மீன் பொரிக்கிற கடையில் வரிசைகூடக் கலைவதில்லை. வெர்லீன் தவறாமல் வருகிறாள். போன வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெளியூர்ப் பெண் ஒருத்தி, நெற்றியில் கை வைத்து மேலே பார்த்து, “யாருங்க அந்தப் பையன்? உங்க சொந்தமா?” என்று கேட்டாள்.

வெர்லீன் நிமிர்ந்து பார்த்தாள். அவன் நன்றாகத்தான் பறந்துகொண்டிருந்தான்.

“இல்லம்மா,” என்றாள். “என் பொண்ணு எழுதுன பையன்.”