இத்வால் ப்ரைஸின் காலணியில் ஊறிய ஏரி

வேல்ஸ் மலைத் தொகுதியின் எம்.பி. இத்வால் ப்ரைஸின் காலணிகளில் 1959 அக்டோபரில் ஏரித் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. நாளொன்றுக்கு இரண்டு பைண்ட், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று மேல், பல் கூசும் குளிர்ச்சி, லேசான ஆட்டு வாசம். நாடாளுமன்றப் பணியாளர்கள் அவர் இருக்கைக்கடியில் ஒரு தகரத் தட்டு வைத்தார்கள். சாயங்காலம் ஒருதரம் எடுத்துக் கொட்டுவார்கள். சபாநாயகர் எதுவும் கேட்கவில்லை.

அது நான்ட்வென் கிராமத்தை மூழ்கடித்த தண்ணீர். எல்லைக்கு அப்பால் ஒரு பெருநகரம் குடிநீர் கேட்டது. அணை கட்ட மசோதா வந்தது. நான்ட்வென் இத்வால் பிறந்த ஊர். அக்கா மெய்ர் அங்கேதான் ஆடு வளர்த்துக்கொண்டிருந்தாள். தேவாலயத்தில் ஊரே கேட்க, எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் ரயில் ஏறினார். சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. எதிரெதிர்க் கட்சிக்காரர் இருவர் ஜோடி சேர்ந்துகொள்வார்கள். ஒருவர் வர முடியாவிட்டால் மற்றவரும் ஓட்டுப் போடமாட்டார். எழுத்தில் கிடையாது, வெறும் வாய்ச்சொல். இத்வாலின் ஜோடி ஜாஸ்பர் ஹாலம். அன்று காலை ஹாலம், மனைவிக்கு ஆபரேஷன், வரமுடியாது என்றார். ஆறு வருஷப் பழக்கம், இத்வால் சரியென்றுவிட்டார். வாக்கெடுப்பு மணி அடித்தபின் எட்டு நிமிஷம் ஓட்டுப் போடும் அறைக் கதவு திறந்திருந்தது. நண்பர்கள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவர் தேநீர் அறையை விட்டு அசையவில்லை. கடைசி நிமிஷத்தில் ஹாலம் மூச்சிரைக்க வந்து ஓட்டுப் போட்டார். மசோதா ஒரே ஓட்டில் ஜெயித்தது. ஹாலமுக்குப் பிற்பாடு பிரபுப் பட்டமும் கிடைத்தது. அந்த ஆள்மேல் ஒரு சொட்டு ஈரம்கூடப் படவில்லை. என்ன நியாயமோ!

மெய்ர் மலைமேல் நகராட்சி வீட்டுக்குக் குடிபோனாள். தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன. தொகுதி மட்டும் அவரைத் தேர்தலுக்குத் தேர்தல் ஜெயிக்க வைத்தது. தோற்கடித்தால் நிம்மதியாகப் போய்விடுவாரே என்று மதுக்கடையில் பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமைதோறும் குறை கேட்க உட்காருவார். பென்ஷன், ஒழுகும் கூரை, சாலை என்று எல்லாவற்றுக்கும் ஓடினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மெய்ர் வரவில்லை. பாவம், மனுஷன் அதிலேயே பாதியாய்ப் போனார்.

1976 கோடையில் மழை பொய்த்தது. ஏரி வற்றி, ஆகஸ்டில் நான்ட்வென்னின் சுவர்கள் வெளியே வந்தன. பதினேழு வருஷத்தில் முதன்முறையாகக் காலணி உலர்ந்தது. இத்வால் வெடித்த சேற்றில் இறங்கி நடந்தார். கூரையில்லாத அவர்கள் வீட்டு வாசற்படியில் மெய்ர் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா” என்றார்.

அவள் நிமிரவில்லை. “அந்த ஆளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்தினே. எங்களுக்குக் கொடுத்தது என்னடா ஆச்சு?”

ரயிலிலும் சபையிலும் பதினேழு வருஷமாகத் தயார்செய்து வைத்திருந்த பதில்களை விட்டுவிட்டு அவர் சொன்னார்:

“உங்களுக்குக் கொடுத்தது எங்கேயும் போகாது, பொறுத்துக்குவீங்கன்னு நெனச்சிட்டேன்க்கா.”

மெய்ர் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு படியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இருட்டும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

செப்டம்பரில் மழை பிடித்து ஏரி நிரம்பியது. இத்வாலின் காலணியில் மறுபடி தண்ணீர் ஊறியது. ஆனால் தட்டை எடுத்த பணியாளர், ஒரு பைண்ட்தான் இருக்கிறது என்றார். மிச்சம் மலைமேல் மெய்ரின் காலணியில் ஊறிக்கொண்டிருந்தது. அவள் ஈரம் துடைக்க வாசலில் ஒரு பழைய சாக்கை விரித்துப் போட்டுவிட்டு ஆடுகளைப் பார்க்கப் போனாள்.