மணச்சாட்சியின் முத்தம்

எங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள், மாப்பிள்ளைத் தோழனாய் நிற்கவிருந்த மணச்சாட்சி ராடோயேவுக்குக் கன்னம் வீங்கியது. ரத்தப் பரிசோதனையில் பொன்னுக்குவீங்கிக்கான எதிர்ப்பொருள் இல்லை. “வீங்கின அன்னிக்கே பார்த்தா தெரியாது, ரெண்டு நாள் கழிச்சு வா, யாரையும் நெருங்காதே” என்றாராம் டாக்டர்.

“ரிசல்ட்ல ஒண்ணுமில்ல தங்கச்சி. நான் இல்லாம கல்யாணமா?” என்று வந்து, என் மிலுட்டினை எங்கள் வழக்கப்படி கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டான், தடியன்.

மூன்று வாரம் கழித்து, இப்போது மிலுட்டின் விதை வீங்கி, தொடையிடுக்கில் ஐஸ் பையோடு கிடக்கிறான். ராடோயே வாசலிலேயே நின்றான். அவனுடைய மறு பரிசோதனையில் எதிர்ப்பொருள் ஏராளமாம்.

“தப்புதான்டா. திட்டவாவது செய்.”

எங்கள் வழக்கத்தில் தம்பதியின் முதல் பிள்ளைக்குப் பெயர் வைப்பது மணச்சாட்சிதான்.

“பேரை யோசிச்சு வை” என்றான் மிலுட்டின், சுவரைப் பார்த்தபடி. “பிள்ளைக்குத்தான் டாக்டர் உறுதி சொல்ல மாட்டேங்கிறார்.”