எட்டுக் கட்டு அதிகம்

காலர் தைக்கிற கைக்கு நிதானம் வேண்டும். வளைவில் ஒரு தையல் தப்பினாலும் சட்டை போட்டவனின் கழுத்து அதைக் காட்டிக்கொடுத்துவிடும். காலர்க்காரிக்கு அந்த நிதானம் பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஆனால் மதியம் இரண்டு மணி தாண்டிவிட்டால் அவள் கை மட்டும்தான் துணியில் இருக்கும். காது தேநீர் மணிக்குக் காத்துக்கொண்டிருக்கும். இரண்டரைக்கு மணி அடித்ததும் சட்டைக் கம்பெனியின் எட்டு லைன்காரர்களும் எழுந்து தேநீர் மேஜையை மொய்ப்பார்கள். அந்தச் சந்தடியில் அவள் வெட்டுத்துணி மூட்டைகள் அடுக்கியிருக்கிற பின்வாசல் வழியாக நழுவிவிடுவாள். மூன்று மணிக்குள் வீட்டில் இருந்தாக வேண்டும்.

வீட்டில் அவள் புருஷன் படுத்த படுக்கையாக இருந்தார். இருபது வருஷம் லாரி ஓட்டியவர். வண்டியை விட்டு இறங்கி ஆறு மாதம் ஆகியும் தெருவில் டிரைவர் என்றுதான் பெயர். கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டது. "இனிமே குணமாக்க மருந்து இல்லம்மா. வலி தெரியாம வச்சுக்கலாம். ஒரு மாசமோ மூணு மாசமோ, அது என் கையில இல்ல," என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அந்த வலி மருந்து ஒரு சின்ன பாட்டிலில் வரும். நாலு மணி நேரத்துக்கு ஒரு மூடி. வெளிக்கடை எதிலும் அதைத் தரமாட்டார்கள். தொழிலாளர் ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு ஒரு பாட்டில், அதுவும் காலர்க்காரியின் வேலை அட்டையில் அந்த மாதத்து முத்திரை இருந்தால்தான். வேலையையும் விட முடியாது, மனுஷரையும் விட முடியாது. காலையில் நாத்தனார் வந்து பார்த்துக்கொள்வாள். அவளுக்கும் மூன்று மணிக்கு ஓர் ஆபீஸைப் பெருக்கித் துடைக்கிற வேலை. மூன்று மணி மருந்து காலர்க்காரியின் பொறுப்பு.

இதற்கு வழி கண்டுபிடித்தவள் பட்டன் அக்கா. லைனில் மூத்தவள், சட்டைக்குப் பட்டன் வைக்கிறவள். ஒருநாள் காலர்க்காரி மெஷினிலேயே தலையைச் சாய்த்து அழுததைப் பார்த்துவிட்டு, "எந்திரிடி. அழுதா காலர் நனையும், வேற ஒண்ணும் ஆகாது," என்றாள். பிறகு விரல்விட்டு எண்ணினாள். ஒரு நாளைக்கு முப்பது கட்டு, கட்டுக்கு இருபது காலர். இரண்டரைக்குள் காலர்க்காரி பத்தொன்பது முடித்துவிடுவாள். மிச்சம் பதினொன்று. லைனில் அவளை விட்டால் பதினோரு பேர்.

"ஆளுக்கு ஒரு கட்டு. தேநீர் நேரம் பதினஞ்சு நிமிஷம். ஒரு நாள் டீ குடிக்கலன்னா யாரும் செத்துப் போயிட மாட்டீங்க."

"ஒரு நாளா? தினமும்ல சொல்ற!" என்றாள் ரேடியோ. பாக்கெட் தைக்கிறவள். வாய் ஓய்ந்தால் கையும் ஓய்ந்துவிடும் அவளுக்கு. "சரி விடு, டீ அப்படி ஒண்ணும் அமிர்தமில்ல."

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. கட்டோடு வருகிற நம்பர் சீட்டைக் கிழித்துக் காலர்க்காரியின் தாளில் ஒட்டிவிடுவார்கள். சாயங்காலம் பட்டன் அக்கா அவள் அட்டையையும் சேர்த்து, வேலை நேரம் பதிகிற மணிப்பெட்டியில் செருகி எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேரும் அவள் வீட்டுக்கு வந்து கட்டிலைச் சுற்றிக் கைகோத்து உட்காருவார்கள். கும்பிடுகிற கடவுள் ஆளுக்கு ஒன்று. அதனால் "ஆண்டவா" என்று பொதுவாகக் கூப்பிட்டு, ஒருத்தி கேட்க, மற்றவர்கள் "கேளு ஆண்டவா" என்பார்கள். கேட்பதும் ஒன்றுதான்: இன்னும் நாள் கூட்டிக் கொடு.

டிரைவர் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு கிடப்பார். "பன்னெண்டு பேர் சேர்ந்து தள்ளுனா பழைய வண்டிகூட ஸ்டார்ட் ஆகும். தள்ளுங்க தள்ளுங்க," என்பார். காலர்க்காரிக்கு அதில் அசையாத நம்பிக்கை. டாக்டர் சொன்ன ஒரு மாதம் தாண்டிப் போயிருந்தது.

ஒரு தப்பு நடந்தது. அன்பினால் நடந்த தப்பு. ஆளுக்கு ஒன்று என்ற கணக்கு ஒருத்திக்கும் போதவில்லை. ரேடியோ சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு கட்டை எடுத்தாள். சட்டைக் கை தைக்கிறவளும், காஜா அடிக்கிறவளும், இன்னும் நாலைந்து பேரும் எடுத்தார்கள். புண்ணியத்தை ஊரறியச் செய்யக் கூடாது என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளவும் இல்லை. காலர்க்காரியின் தாளில் முப்பது முப்பத்திமூன்றாகி, மூன்றே வாரத்தில் முப்பத்தெட்டில் வந்து நின்றது.

அந்தத் திங்கட்கிழமை இரண்டே கால் மணிக்குக் கடிகாரம் லைனுக்குள் வந்தார். வேலை வேகத்தை அளக்கப் புதிதாக வந்திருந்த அதிகாரி. கழுத்தில் எப்போதும் விநாடி எண்ணுகிற கடிகாரம் தொங்குவதால் பெண்கள் வைத்த பெயர். அதட்டிப் பேசாத, சிரித்த முகத்துக்காரர். நாற்காலியை இழுத்துப்போட்டுக் காலர்க்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எட்டு லைன்லயும் உங்க கைதாம்மா வேகம். முப்பத்தெட்டு கட்டு! அப்படி என்னதான் செய்றீங்கன்னு பார்த்துட்டுப் போறேன். தைங்க."

முப்பத்தெட்டா? காலர்க்காரிக்கே அது அப்போதுதான் தெரியும். பட்டன் அக்கா திரும்பி ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ காஜாக்காரியைப் பார்த்தாள்.

மணி அடித்தது. எல்லா லைனும் எழுந்தது. அவர் எழவில்லை. "டீ வரும். நீங்க தைங்க," என்றார்.

முதல் காலர் நாற்பத்தொன்பது விநாடி. அடுத்தது நாற்பத்தெட்டு. வேகத்தைக் கூட்டினாள், நூல் அறுந்தது. கோத்தாள், ஊசிக்கண் தப்பிப்போயிற்று. ஐம்பத்தாறு. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பது. நாத்தனார் இந்நேரம் பையை எடுத்துத் தோளில் மாட்டியிருப்பாள்.

"சார், அவளுக்கு இன்னிக்கு உடம்பு முடியல," என்று ரேடியோ குறுக்கே விழுந்தாள். "காலையில இருந்தே தலைசுத்தல். நாளைக்கு வந்து பாருங்க, மின்னலா தைப்பா."

"இருக்கட்டும்மா." பென்சிலால் குறித்துக்கொண்டார். "இந்த வேகத்துல முப்பதுதான் வரும். முப்பத்தெட்டு எப்படி வருது? சொல்லிட்டீங்கன்னா எட்டு லைன் காலர்க்காரங்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்து, அதையே அளவா வச்சிடலாம்."

மூன்று மணி ஆகிவிட்டது. பொய் சொன்னால் நாளைக்கு ஏழு லைனில் ஏழு பேர் முப்பத்தெட்டு கட்டுத் தைக்க முடியாமல் சாவார்கள். உண்மை சொன்னால் வேலை போகும். எதைச் சொன்னாலும் இந்த நிமிஷம் வீட்டில் புருஷன் வலியில் துடிக்கிறார். அவள் காலரைக் கீழே வைத்தாள்.

"நான் தைக்கல சார். இவங்கதான் தைக்கிறாங்க. வீட்டுக்காரருக்குப் புத்துநோய். மூணு மணிக்கு மருந்து கொடுக்கணும். தினமும் ரெண்டரைக்குப் பின்பக்கமா போயிடுறேன். என்ன தண்டனை வேணாலும் கொடுங்க, இப்ப என்னைப் போகவிடுங்க."

கடிகாரம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? முதல்ல வீட்டுக்குப் போங்க. நாளையில இருந்து பின்வாசல் வேண்டாம், முன்வாசல் வழியாவே போங்க. காவலாளிகிட்ட சொல்லி வைக்கிறேன்."

பட்டன் அக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. காலர்க்காரி கும்பிட்ட கையோடு ஓடினாள்.

வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மணி மூன்று நாற்பது. நாத்தனார் வேலைக்கு நேரமாகிவிட்டதால், அவள் இதோ வந்துவிடுவாள் என்று நம்பி மருந்து வேளைக்கு முன்பே போயிருந்தாள். டிரைவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடந்தார். மேஜைமேல் இருந்த பாட்டிலை எட்ட முயன்று விழுந்திருக்கிறார். வாயில் துண்டு, பல் பட்ட இடத்தில் ரத்தம். தொட்டதும் ஒரு சத்தம் வந்தது. இருபது வருஷத்தில் அவரிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை. மூடியில் மருந்தை ஊற்றும்போது பாதி தரையில் சிந்தியது. வாய்விட்டு அழுதுகொண்டே மறுபடி ஊற்றினாள். தலையை மடியில் வைத்துக்கொண்டு, வலியின் பிடி தளர்கிற வரை உட்கார்ந்திருந்தாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று.

"நடுரோட்டுல வண்டி நின்னுபோச்சுடி," என்றார் கடைசியில். "சரி, மூக்கைச் சிந்து. என்ன ஆச்சு உனக்கு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். "கடவுள் அந்த மனுஷன் ரூபத்துல வந்திருக்கார்ங்க," என்றாள்.

அடுத்த மூன்று நாளும் அவள் முன்வாசல் வழியாகத் தலைநிமிர்ந்து போனாள். காவலாளி கதவைத் திறந்துவிட்டான். கேட்டது கிடைத்துவிட்டது என்று ரேடியோ எட்டு லைனிலும் தம்பட்டம் அடித்தாள். அந்த மூன்று நாளும் கடிகாரம் அவர்கள் லைனின் கடைசியில் நின்று, அவள் போன பிறகு பதினோரு பேரும் தைப்பதை அளந்துகொண்டிருந்தார். நல்ல மனுஷர் பார்க்கிறார் என்று அவர்களும் சோம்பாமல், இன்னும் ஒரு கை கூடுதலாகவே தைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு லைனிலும் பதினோரு இருக்கை. எட்டு லைனிலும் நீங்குகிறவர்களின் பெயர் கீழே வரிசையாக இருந்தது. இவர்கள் லைனில் காலர்க்காரி. வேலை முப்பதாம் தேதியோடு முடிகிறது. அட்டையை அன்று அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

பதினோரு பேரும் மெஷினை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தின் அறைக்குப் போனார்கள். பட்டன் அக்காதான் பேசினாள். "சார், இது நியாயமா? அவளுக்காகத்தான நாங்க டீகூடக் குடிக்காம செஞ்சோம்?"

"அதைத்தாம்மா நானும் எழுதியிருக்கேன்." அவர் முகத்தில் அதே கனிவு இருந்தது. தாளைத் திருப்பிக் காட்டினார். "பன்னெண்டு பேர் வேலையைப் பதினோரு பேர் செய்ய முடியாதுன்னு சொன்னா நானே நம்பியிருப்பேன். நீங்களே செஞ்சு காட்டிட்டீங்களே? எட்டுக் கட்டு அதிகமாவே செஞ்சிருக்கீங்க."

"அவ அட்டையையாவது விட்டு வைங்க. அதுல மருந்து வாங்கணும்."

"வேலை இருந்தாத்தாம்மா அட்டை. அது என் கையில இல்ல."

வெளியே வந்ததும் பட்டன் அக்கா சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "நாங்கதான்டி உன்னைத் தள்ளிட்டோம். இந்தக் கையை வெட்டிப் போட்டா என்ன?"

காலர்க்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்ட ஆள் தேடினாள், ஒருவரும் கிடைக்கவில்லை. அன்று தேதி பன்னிரண்டு. ஆஸ்பத்திரியில் மருந்து தருகிற ஜன்னலில் போய்க் கேட்டாள். கண்ணாடி போட்ட பெண் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "முப்பதாம் தேதி வரைக்கும் வாங்கிக்கலாம். அப்புறம் முத்திரை இல்லாம தரமாட்டோம். வேற ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டா மருந்து கைக்கு வர மூணு மாசம் ஆகும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேரும் வந்தார்கள். ரேடியோ செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரமாகவே உட்கார்ந்தாள். டிரைவர் இன்னும் இளைத்திருந்தார். தாடை எலும்பு தோலை முட்டிக்கொண்டு நின்றது. காலர்க்காரி தலைமாட்டில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் கைகோத்தார்கள்.

பட்டன் அக்கா தொண்டையைச் செருமினாள். "ஆண்டவா, எங்க தம்பிக்கு இன்னும் நாள்..."

"அக்கா," என்றார் டிரைவர். "கேக்குறதுதான் கேக்குறீங்க, தேதி சொல்லிக் கேளுங்க."

"என்ன தம்பி?"

"முப்பதுக்கு அப்புறம் நாள் வேண்டாம். அந்தத் திங்கக்கிழமை நாப்பது நிமிஷம் பார்த்துட்டேன். அதுல மூணு மாசம் என்னால ஓட்ட முடியாதுக்கா."

"வாயைக் கழுவுங்க முதல்ல!" என்று காலர்க்காரி சீறினாள். "இத்தனை பேர் உங்களுக்காக உயிரை விடுறாங்க, நீங்க என்ன பேச்சு பேசுறீங்க?"

அவர் அவளையே பார்த்தார். எப்போதும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கிறவர், இந்தத் தடவை இரண்டையும் மூடிக்கொண்டார். கைகோத்தபடி பதினோரு பேரும் காலர்க்காரியின் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள். தெருவில் யாரோ வாளியைக் கழுவிக் கவிழ்த்தார்கள்.

அவள் குனிந்து நெற்றியை அவர் கையில் வைத்தாள். பிறகு அவள் குரல் வந்தது, அக்கம்பக்கத்துக்குக் கேட்காதபடி.

"ஆண்டவா, முப்பதாம் தேதிக்கு முன்னாடி கூட்டிக்கோ."

கதவோரத்திலிருந்து ரேடியோதான் முதலில் சொன்னாள், "கேளு ஆண்டவா." பட்டன் அக்கா சொன்னாள். காஜாக்காரி சொன்னாள். ஒவ்வொருத்தியாகப் பதினோரு பேரும் சொன்னார்கள். கடைசியாகக் கட்டிலிலிருந்தும் அது வந்தது.